கண் ஓய்ந்தாலும் வாசிப்பு ஓய வேண்டியதில்லை

பார்வை குறைந்தோரும், நூலைக் கையிலேந்த இயலாதோரும் பயன்படுத்தத்தக்க நூலகச் சேவைகள்

கண் மருத்துவப் பிரிவிலும் நரம்பியல் பிரிவிலும் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோருக்கு மருந்துச் சீட்டு தருகிறோம். உணவு முறையைச் சொல்கிறோம். அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுக்கிறோம். 'இனி நான் எவ்வாறு வாசிப்பேன்?' என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. நோயாளர் அதை மனத்துக்குள் வைத்துக்கொள்கிறார். குடும்பத்தாரோ, "இனிமேல் நாங்களே படித்துச் சொல்கிறோம்" என்று அன்போடு ஆறுதல் கூறிவிடுகின்றனர்.

அந்த ஆறுதலில் குறை காண்பது எங்கள் நோக்கமன்று. எனினும் வாசிப்பு என்பது கதையும் கட்டுரையும் மட்டுமன்று என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். தமக்கு வந்த கடிதத்தைத் தாமே படிப்பது, வங்கிக் கணக்கைப் பிறர் அறியாமல் பார்ப்பது, தேர்வுக்குப் பயில்வது, வழிபாட்டு நூலை நினைத்த நேரத்தில் எடுப்பது ஆகிய எல்லாமே வாசிப்புதான். பிறர் ஓய்வாக இருக்கும்போது மட்டும், பிறர் தேர்ந்ததை மட்டும் கேட்கும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அவர் பார்வையோடு தம் தனிவாழ்வின் ஒரு பகுதியையும் இழக்கிறார். இவ்விழப்பைப் பெருமளவு தவிர்க்க முடியும். அதற்கான வழிகள் நம் நாட்டில் இன்று உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாக விளக்குகிறோம்.

இச்சேவைகள் யாருக்கு உரியவை?

பார்வையற்றோருக்கு மட்டுமே இவை உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வட்டம் பெரிது. அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்காக 2013ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஓர் உலக ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அது மூவகையினரைக் குறிக்கிறது. முதல் வகையினர் பார்வையற்றோர். இரண்டாம் வகையினர், கண்ணாடி முதலியவற்றால் சரிசெய்ய இயலாத பார்வைக் குறைபாடோ, எழுத்தை உணர்ந்து வாசிப்பதில் குறைபாடோ உடையோர். மூன்றாம் வகையினர், உடற்குறைபாட்டால் நூலைப் பிடிக்கவோ, பக்கத்தைப் புரட்டவோ, வாசிப்பதற்கேற்பக் கண்ணை நிலைநிறுத்தி நகர்த்தவோ இயலாதோர்.

ஆகவே நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவரும், கண் நீர் அழுத்த நோயால் பார்வைப் பரப்பு சுருங்கியவரும், பக்கவாதத்தால் கை செயலிழந்தவரும், நடுக்குவாதத்தால் நூலை நிலையாகப் பிடிக்க இயலாதவரும், தண்டுவடக் காயத்தால் படுக்கையில் இருப்பவரும், எழுத்தறிதலில் இடர்ப்படும் கற்றல் குறைபாடுடைய மாணவரும் இவ்வட்டத்துள் அடங்குவர். மராகேஷ் ஒப்பந்தத்தை உலகில் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. ஆண்டு 2014. இருபது நாடுகள் உறுதிசெய்த பின்னர், 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அரசுச் சான்று பெறுவதற்கான அளவுகோல்கள் வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, கண்ணாடி முதலிய சிறந்த திருத்தங்களுக்குப் பின்னும் இரு கண்களுள் நல்ல கண்ணின் பார்வைக் கூர்மை 3/60க்குக் குறைவாகவோ, பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைவாகவோ இருந்தால் அது பார்வையின்மை. கூர்மை 6/18க்கு மேற்படாமல் 3/60 வரையிலோ, பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரையிலோ இருந்தால் அது குறை பார்வை. அதாவது, ஓரளவு பார்வை எஞ்சியிருப்போரும் சட்டத்தின் பார்வையில் உதவி பெறத் தகுதியுடையோரே. முழுவதும் இருளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எஞ்சிய பார்வையைக் கொண்டு வாசித்தல்

குறை பார்வையுடையோர் பலர், கண்ணுக்கு வேலை கொடுத்தால் எஞ்சியதும் போய்விடும் என்று அஞ்சி வாசிப்பை நிறுத்திவிடுகின்றனர். வாசிப்பதால் பார்வை தேய்வதில்லை. நூலைக் கண்ணருகே கொண்டுசென்று வாசிப்பதாலும் கேடு விளைவதில்லை. கண் சோர்வடையலாம், சற்று ஓய்ந்தால் அது நீங்கிவிடும்.

முதலில் செய்யவேண்டியது ஒளியைச் சீர்செய்தல். மேற்கூரை விளக்கு மட்டும் போதாது. தோளுக்குப் பின்னிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ தாளின்மீது மட்டும் விழுமாறு மேசை விளக்கை வைக்கவேண்டும். ஒளி கண்ணில் நேராகப் படலாகாது. அடுத்தது, கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியுமாறு நீளவாக்கில் துளை வெட்டி, அதைப் பக்கத்தின்மீது வைத்து நகர்த்தி வாசித்தல். இது வெண்தாளின் கூசலைத் தணிக்கும். வரி தவறாமலும் காக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை உங்களுக்கேற்ற திறன் அறிந்து வாங்குவதே நலம். குறை பார்வைப் பிரிவில் சோதித்த பின்னரே வாங்குங்கள். திறன் மிகுந்தால் ஒரே பார்வையில் தெரியும் சொற்கள் குறைந்துவிடும்.

பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குக் கண் நலமாயிருந்தும் பார்வைப் பரப்பின் ஒரு பாதி மறைந்துவிடுகிறது. இடப்பாதி மறைந்தவர் வரியின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க இயலாமல் தடுமாறுவார். வலப்பாதி மறைந்தவர் அடுத்த சொல்லுக்கு நகரத் தடுமாறுவார். முதலாமவருக்கு, பக்கத்தின் இட ஓரத்தில் சிவப்புப் பட்டையொன்றை ஒட்டி, 'பட்டை தென்படும்வரை கண்ணைத் திருப்புக' என்று பழக்கினால் வரித் தொடக்கம் அகப்படும். இன்னும் சிலருக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தும் பொருள் விளங்காது. அது கண்ணின் குறையன்று; மூளையின் மொழிப்பகுதி சார்ந்தது. அத்தகையோரைப் பேச்சு, மொழிப் பயிற்சியாளரிடம் காட்டவேண்டும். புதிய கண்ணாடி பயன் தராது.

விரலால் வாசித்தல்

பிரான்சு நாட்டில் 1809இல் பிறந்த லூயி பிரெயில், சிறுவயதில் நேர்ந்த விபத்தால் பார்வை இழந்தவர். அவர் தம் பதினைந்தாம் வயதில் வகுத்த புள்ளியெழுத்து முறை 1829இல் நூலாக வெளிவந்தது. இரு நெடுவரிசையில் மும்மூன்றாக ஆறு புள்ளிகள். அவற்றுள் எவை மேடாக உள்ளன என்பதைக் கொண்டு எழுத்து அறியப்படும். இவ்வாறு 63 வடிவங்கள் அமைகின்றன. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. அதில் ஒலிக்கேற்ப எழுத்து அமைகிறது. தமிழ் அச்சில் 'கொ' என்பதை எழுத ககரத்தின் இருபுறமும் குறிகள் வருகின்றன. பிரெயிலில் ககரத்தை அடுத்து ஒகரம் வரும், அவ்வளவே. எனவே தமிழ் எழுத்தறிந்தவர் அதன் அமைப்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. விரலுக்குப் பழக்கம் வரத்தான் நாளாகும்.

பிரெயில் யாருக்கு அவசியம்? பார்வையற்ற குழந்தைகளுக்கு என்று உறுதியாகச் சொல்வோம். கேட்டு மட்டும் பயிலும் குழந்தைக்கு ரகர றகர வேறுபாடோ, சொல் பிரியும் இடமோ, கணக்கின் அமைப்போ கைவராது. எழுதப் படிக்கக் கற்றல் என்பது அக்குழந்தைக்குப் பிரெயில் கற்றலே. கைப்பேசி இருக்கும்போது பிரெயில் எதற்கு என்று பெற்றோர் கருதிவிடலாகாது.

முதுமையில் பார்வை இழந்தோர் நிலை வேறு. நீண்டகால நீரிழிவு விரல் நுனியின் தொடு உணர்வையும் குறைத்துவிடக்கூடும். அத்தகையோர் பிரெயிலில் முன்னேற்றம் காணாவிடில் மனம் தளர வேண்டியதில்லை. குறை அறிவிலன்று, நரம்பிலுள்ளது. அவர்களுக்குச் செவிவழி வாசிப்பே ஏற்றது.

செவியால் வாசித்தல்

ஒருவர் படித்துப் பதிவுசெய்த ஒலிநூலை எல்லாரும் அறிவர். அதில் ஒரு குறை உண்டு: வேண்டிய பக்கத்துக்கு உடனே செல்ல இயலாது. அக்குறையைத் தீர்க்க வந்தது டெய்சி என்னும் நூல் வடிவம். அதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1996இல் தொடங்கப்பெற்றது. டெய்சி நூலில் அத்தியாயம், உட்தலைப்பு, பக்கம் எனத் தாவிச் செல்லலாம். அடையாளம் இட்டு வைக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாடநூல் பயில்வோருக்கும் சமய நூல் ஓதுவோருக்கும் இது பேருதவி.

மற்றொரு வழி, திரையில் உள்ள எழுத்தை இயந்திரக் குரலால் படிக்கச் செய்தல். கணினியில் என்விடிஏ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமே பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் இதை உருவாக்கத் தொடங்கினார். இது தமிழையும் படிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஆகியவை ஏற்கெனவே உள்ளன; புதிதாக வாங்க வேண்டியதில்லை. இவற்றை இயக்கியதும் கைப்பேசியின் நடத்தை மாறும்: ஒருமுறை தொட்டால் அப்பொருளின் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இதை அறியாமல், கைப்பேசி பழுதாகிவிட்டது என்று கருதி முதல் நாளே நிறுத்திவிடுவோர் உளர். ஒரு வாரம் பொறுமையுடன் பழகுங்கள்.

இணையத்தில் தமிழ் நூல் தேடுவோர் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். பழைய நூலின் பக்கங்களை நிழற்படமாக எடுத்துச் சேர்த்த கோப்பு, கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினாலும் இயந்திரத்துக்கு வெறும் படமே. குரல் மென்பொருள் அதன்முன் மௌனமாகிவிடும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தவையும் தாறுமாறாக ஒலிக்கும். யூனிகோடு முறையில் உள்ளிடப்பட்ட நூல்களே செவ்வனே படிக்கப்படும். 1998 பொங்கல் நாளில் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், சங்க இலக்கியம் முதல் அண்மைக்காலப் படைப்புகள் வரை அத்தகைய நூல்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. படக் கோப்பு மட்டுமே கிடைத்தால், படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து உரையாக மாற்றும் வசதியை நாடலாம். கூகுள் லென்ஸ் போன்றவை தமிழ் அச்செழுத்தையும் உணர்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தகைய கருவிகள் எண்களிலும் புள்ளிகளிலும் பிழை செய்யக்கூடும். கடிதத்துக்கும் நாளிதழுக்கும் அவற்றை நம்பலாம். மருந்தின் அளவை அறிய அவற்றை மட்டும் நம்பலாகாது. மருந்துப் புட்டிகளுக்கு ரப்பர் வளையங்களை அடையாளமாக இடுங்கள்: காலை மருந்துக்கு ஒன்று, இரவு மருந்துக்கு இரண்டு என்பதுபோல. அளவை எங்கள் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, அவர்கள் சொல்வதை உங்கள் கைப்பேசியிலேயே குரலாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நூலகத்தை அணுகுவது?

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத் தளத்தில் பிரெயில் பிரிவு இயங்குகிறது. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு தரைத் தளத்தில் உள்ளது. மற்ற மாவட்டங்களில் உள்ளோர் முதலில் தங்கள் மாவட்ட மைய நூலகத்தை அணுகி, என்னென்ன வசதி உண்டு என்று கேட்டறிவது நலம்.

நேரில் செல்ல இயலாதோருக்குச் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் உள்ளது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இந்திய டெய்சி மன்றம், டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 2016 ஆகஸ்டில் இது தொடங்கப்பெற்றது. அச்சு வாசிக்க இயலாமைக்கான சான்றுடன் பதிவுசெய்துகொண்ட உறுப்பினர், பல இந்திய மொழி நூல்களைத் தமக்கேற்ற வடிவில் இறக்கிக்கொள்ளலாம். பிரெயில் பயிற்சி, நடமாட்டப் பயிற்சி முதலியவற்றுக்கு டேராடூனில் உள்ள தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் அதிகாரமளித்தல் நிறுவனத்தின் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இருக்கிறது.

நூலகமே வீடு தேடி வரும் வழியும் உண்டு. இது நம் மண்ணுக்குப் புதிதன்று. நூலகவியலின் ஐந்து விதிகளைச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலாக்கினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவர் வேண்டும் நூல் சென்றுசேர வேண்டும் என்பது இரண்டாம் விதியின் சாரம். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் புறப்பட்டது. அவ்வழியில், தமிழ்நாட்டின் பொது நூலகத்துறை 2022இல் நூலக நண்பர்கள் திட்டத்தைத் தொடங்கியது. நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர் முதலியோருக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுவந்து கொடுத்து, படித்த பின் பெற்றுச் செல்வது அதன் நோக்கம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ இது நடைபெறுகிறதா என்று குடும்பத்தார் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிரெயில் நூல் கனமானது. ஒரே நூல் பல தொகுதிகளாக அமையும். அஞ்சலில் அனுப்பச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். பார்வையற்றோருக்கான இலக்கியம் என்று குறித்து அனுப்பப்படும் பொதிகளுக்கு, 7 கிலோ வரை, இந்திய அஞ்சல்துறை தரைவழி அஞ்சலில் கட்டணம் வாங்குவதில்லை.

கை ஓய்ந்தோருக்கு

நூலைப் பிடிக்க இயலாதோருக்குச் சாய்வுப் பலகையே முதல் உதவி. பள்ளிப் பிள்ளைகள் தேர்வு எழுதப் பயன்படுத்தும் பிடிப்பு அட்டையைத் தலையணைமீது சாய்த்துவைத்தாலும் போதும். விரல் மடங்காதவர், பென்சிலின் அழிப்பான் முனையால் பக்கத்தைப் புரட்டலாம். நிமிர்ந்து உட்கார இயலாது மல்லாந்தே படுத்திருப்போருக்கு, பட்டகம் பொருத்திய கண்ணாடிகள் உண்டு. தலையைத் தூக்காமலே மார்பின்மேல் உள்ள நூலை அவற்றின் வழியே வாசிக்கலாம். கையசைவே இல்லாதோர், குரலால் கட்டளையிட்டுக் கைப்பேசியில் ஒலிநூலை இயக்கலாம். எங்கள் செயல்முறை மருத்துவப் பிரிவினரிடம் கேட்டால், உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வர்.

குடும்பத்தாருக்குச் சட்டம் தரும் உரிமை

"நூலைப் பதிவுசெய்து கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ?" என்று சிலர் கேட்கின்றனர். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு வழிவிட்டுள்ளது. மாற்றுத்திறனாளி ஒருவரின் சொந்தப் பயனுக்காகவோ, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காகவோ ஒரு நூலை அவர் வாசிக்கத்தக்க வடிவுக்கு மாற்றித் தருவது உரிமை மீறலாகாது. இலாப நோக்கமற்ற அமைப்புகளும் ஆக்கச் செலவை மட்டும் பெற்று இவ்வாறு செய்யலாம். அப்படி ஆக்கப்பட்டது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். பொது வணிகத்துக்குள் செல்லலாகாது.

ஆகவே, பேத்தி தன் பாட்டிக்காக ஒரு புதினத்தைப் படித்துக் கைப்பேசியில் பதிந்து கொடுக்கலாம். அதே பதிவை எல்லாரும் கேட்குமாறு இணையத்தில் ஏற்றலாகாது. அவ்வாறு படிக்கும்போது சில முறைகளைக் கடைப்பிடியுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அத்தியாயம் ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனிக் கோப்பாக வையுங்கள். படம் இருந்தால் அதில் உள்ளதைச் சுருக்கமாக விவரியுங்கள். பிடிக்காத பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். எதைத் தாண்டுவது என்பது வாசகரின் உரிமை. எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

இத்தனையையும் ஒரே நாளில் மேற்கொள்ள இயலாது. பின்வரும் வரிசை உதவக்கூடும்.

முதலாவதாக, சிகிச்சையால் மேலும் தெளிவு பெற வாய்ப்புண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்புரை போன்றவை அறுவைச் சிகிச்சையால் சரியாகக்கூடியவை. அவற்றை முடித்த பின்னரே எஞ்சிய பார்வையை அளவிட இயலும்.

இரண்டாவதாக, குறை நிலையானது என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். யூடிஐடி எனப்படும் தனித்துவ அட்டைக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். குறையின் அளவை அரசு அங்கீகரித்த மருத்துவ அதிகாரி சான்றளிப்பார். நூலக உறுப்பினர் ஆவதற்கு மட்டுமின்றி, பிற நலத்திட்டங்களுக்கும் இச்சான்றே அடிப்படை. குறைபாட்டை ஊர் அறிந்துவிடுமே என்று கூசி இதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. அக்கூச்சத்தின் விலையை நோயாளரே கொடுக்க நேர்கிறது.

மூன்றாவதாக, வழிகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எஞ்சிய பார்வையா, விரலா, செவியா என்பதை உடல்நிலை தீர்மானிக்கட்டும். முதல் நூலாகக் கடினமானதை எடுக்காமல், முன்பே விரும்பிப் படித்த ஒன்றை எடுங்கள். தெரிந்த கதையைக் கேட்கும்போது மனம் கதையில் திணறாது. புதிய முறை விரைவில் பழகும்.

நான்காவதாக, ஒரு மாதம் பொறுத்திருங்கள். இயந்திரக் குரல் முதலில் உவப்பாக இராது. வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பழகியவர்கள், சில வாரங்களில் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்போதும் எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் குறைந்து நோயாளர் ஒடுங்கியே இருந்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் எங்களிடம் அழைத்துவாருங்கள். பார்வை இழப்பைத் தொடர்ந்து வரும் மனச்சோர்வும் சிகிச்சைக்குரிய நோயே.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு, நீங்கள் வாசிக்க விரும்பும் ஒரு நூலின் பெயரையும் நினைவில் கொண்டுவாருங்கள். அது உங்களுக்கு எவ்வடிவில், எங்கே கிடைக்கும் என்று உங்களோடு சேர்ந்து நாங்களும் தேடுவோம்.